பித்தளைக் குடமும் கத்தரிக்காய்களும்

கத்தரிக்காயை ஊரில் எல்லாரும் சமைப்பதற்கு வாங்குவார்கள். எங்கள் வீட்டில் முதலில் அதற்குப் போட்டோ எடுத்தாக வேண்டும். காய்க்காரியோடு மல்லுக்கட்டி, சொத்தை இல்லாமல் பொறுக்கி, கூடையை உள்ளே கொண்டுவந்து வைத்த கையோடு என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நிற்பார். "இந்த நாலையும் நறுக்கிடாதே. காம்பு நல்லா வளைஞ்சிருக்கு" என்பார். காம்பு வளைந்திருந்தால் குழம்பு மணக்குமா என்று கேட்பேன். அந்த நாலும் முற்றத்துப் பலகைமேல் போய் உட்கார்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தண்ணீர் தெளித்து வைத்திருந்து, படமெடுத்து முடித்து, அவர் என்னிடம் திருப்பித் தரும்போது தோல் சுருங்கிப் போயிருக்கும். கோபத்தில் அதையே வதக்கி அவர் இலையில் வைப்பேன். ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து போவார். சண்டைக்கே வராத மனிதரோடு எத்தனை நாள்தான் சண்டை போடுவது!

அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபத்துக்குப் போகிற சாலையை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். ஐம்பதுகளின் நடுப்பகுதி. அவருக்குப் பொன்மலையில் ரயில்வே உத்தியோகம். அவரோடு வேலை பார்த்த ஆங்கிலோ இந்திய டிரைவர் ஒருவர் குடும்பத்தோடு கப்பலேறும்போது, கொண்டுபோக முடியாத சாமான்களைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுப் போனார். ஒருவருக்குக் கட்டில் கிடைத்தது, ஒருவருக்குக் கிராமபோன். எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு பழைய மரக் கேமரா. மூன்று கால், முன்னால் துருத்தி, பின்னால் ஒரு மங்கல் கண்ணாடி. "கட்டிலைக் கேட்டு வாங்கியிருக்கக் கூடாதா?" என்று நான் கேட்டதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

அந்தக் கேமராவில் பட்டனை அழுத்துகிற வேலையெல்லாம் கிடையாது. லென்சுக்கு ஒரு தோல் மூடி உண்டு. அதைக் கழற்றினால் உள்ளே இருக்கிற கண்ணாடித் தகட்டில் படம் விழத் தொடங்கும். திரும்ப மூடினால் முடிந்தது. முற்றத்து வெளிச்சத்துக்கு ஒரு நெடுமூச்சு இழுத்து விடுகிற நேரமாவது மூடி திறந்திருக்க வேண்டும். அதுவரைக்கும் எதிரே இருப்பது அசையக் கூடாது. அசைந்தால் படத்தில் புகைதான் இருக்கும்.

கேமரா வந்த சேதி தெருவில் பரவியதும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். இவர் எல்லாரையும் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். "ஆள் படம் எனக்கு வராதுங்க" என்றார். எனக்கே அவமானமாகப் போயிற்று. "ஏங்க, கட்டின பெண்டாட்டியையாவது ஒரு படம் எடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "ஆள்னா அசையும். அசையலைன்னா முறைக்கும். கத்தரிக்கா ரெண்டும் பண்ணாது" என்றார். நான் முறைத்தேன். "இதோ, இதைத்தான் சொன்னேன்" என்றார்.

அசையாத பொருளைப் படமெடுப்பது சுலபம் என்று நானும் நினைத்திருந்தேன். பக்கத்திலிருந்து பார்த்தபிறகுதான் தெரிந்தது, அசையாத பொருள் என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. ஜீயபுரத்திலிருந்து அம்மா அனுப்பும் வாழைப்பழம் இவர் பலகையைத் துடைப்பதற்குள் ஒரு புள்ளி கறுத்திருக்கும். கீரை தலை சாய்ந்துவிடும். வெயில் சுவரில் இறங்கிக்கொண்டே இருக்கும். இப்போது சொம்பின் காலடியில் இருந்த நிழல், கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் பலகையை விட்டே இறங்கிப்போயிருக்கும். கோடுபோட்ட என் உறையூர்ச் சேலையைப் பின்னால் கட்டினால் காயை விடச் சேலைதான் தெரியும் என்று சொல்லி, வெளுத்துப்போன ஒரு பழைய சேலையைக் கட்டச் சொன்னது நான்தான். நிழல் பக்கம் இருட்டடித்தபோது அவருடைய வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்துப் போட்டு வெளிச்சத்தைத் திருப்பிவிட்டதும் நான்தான். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கோலம் போடுகிறவளுக்கு எது எங்கே இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும் என்று தெரியாதா என்ன!

எங்களுக்குள் பெரிய சண்டை என்றால் அது குடத்தால் வந்ததுதான். அம்மா எனக்கும் என் அக்காவுக்கும் சீராகக் கொடுத்த பித்தளைக் குடங்கள், ஒரே கடையில் ஒரே அச்சாக வாங்கியவை. என் குடத்தை நான் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்துத் தங்கமாக வைத்திருப்பேன். இவர் படமெடுக்கிற அன்றைக்கு அரிசி மாவைக் கரைத்து அதன்மேல் பூசி மங்கடித்துவிடுவார். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தில் கையில் கரண்டியோடு ஓடிவந்து குடத்தைப் பிடுங்கிக்கொண்டேன். "கை ஓயத் தேய்ச்சு வச்சிருக்கேன், அதுமேல போய் மாவைப் பூசுறீங்களே, உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றேன். அவர் குடத்தை வாங்கி, மாவைத் துடைத்துப் பலகைமேல் வைத்துவிட்டு, கேமராமேல் கிடந்த கறுப்புக் கம்பளியைத் தூக்கி, "உள்ள வந்து பாரு" என்றார்.

கம்பளிக்குள் தலையை நுழைத்தேன். மங்கல் கண்ணாடியில் எங்கள் முற்றம் தலைகீழாகத் தொங்கியது. குடத்தின் வயிற்றில் இன்னொரு முற்றம் இருந்தது. கொடி, கொடியில் வேட்டி, கிணற்றடிக் கதவு, மூன்று கால் கேமரா, எல்லாம் எலுமிச்சம்பழ அளவுக்குள். அவர் என்னை இழுத்து நான் முன்பு நின்ற இடத்தில் நிறுத்தி, தான் கம்பளிக்குள் நுழைந்து பார்த்துச் சொன்னார்: "நீ கரண்டியோட நடுக்குடத்துல நிக்கிறே. படம் குடத்தைப் பத்தினது. அதுல உனக்கு என்ன வேலை?"

அன்றிலிருந்து அவர் மாவு பூசினால் நான் வாயைத் திறப்பதில்லை. ஆனால் எங்கே நின்றால் குடத்தில் எங்கே விழுவோம் என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. அடுக்களை வாசலில் நின்றால் குடத்தின் ஓரத்தில் ஒரு கோடாக இருப்பேன். கிணற்றடியில் நின்றால் எறும்பு அளவு. கேமராவுக்கு வலப்பக்கம் ஒட்டி நின்றால் நட்ட நடு வயிற்றில், மூக்கும் முழியுமாக. அவரும் அதனால்தான் மூடியைக் கழற்றியதும் சட்டென்று சுவரோரம் ஒதுங்கிக்கொள்வார். மாவு பூசியிருந்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அக்காவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அவள் மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ்மில் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நெல்லுக்கும் அரிசிக்கும் பஞ்சமில்லாத வீடு. பிள்ளை மட்டும் இல்லை. இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. அதன்பிறகு வயிறு திறக்கவே இல்லை. எனக்கு அதற்குள் இரண்டு பையன்கள். மூன்றாவது வயிற்றில் இருந்தபோது ஒருநாள் அக்கா தனியாக பஸ் ஏறி வந்தாள். நான் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"அவருக்கு இன்னொரு கல்யாணம் பண்ணி வைக்கிறதாப் பேசிக்கிறாங்கடி."

"அத்தான் என்ன சொல்றாரு?"

"அவரு வேணாங்கிறாரு. எத்தனை நாளைக்குச் சொல்லுவாரு?" மாவை மறுபடியும் தள்ளிவிட்டாள். "உனக்கு ரெண்டு சிங்கக்குட்டி இருக்கு. இது எனக்குன்னு நினைச்சுக்கட்டுமாடி? பொண்ணோ பையனோ, எதுவா இருந்தாலும்."

எனக்குக் கை நின்றுவிட்டது. என் அக்கா யாரிடமும் எதையும் கேட்டவள் இல்லை. சின்ன வயதில் தன் பங்கு முறுக்கைக்கூட எனக்குத் தந்துவிட்டுப் பசியில்லை என்று சொன்னவள். சரி என்று தலையாட்டினேன். சாயங்காலம் இவர் வந்ததும் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "உன் வயிறு. நீ சொல்றதுதான்" என்றார்.

பெண்ணாகப் பிறந்தாள். பெண் வேண்டும் என்று இரண்டு தடவை வேண்டிக்கொண்டு கிடைக்காதது, கொடுப்பதற்கு என்று ஆனபிறகு வந்தது. அவளைக் கையில் வாங்கியதும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, ரங்கநாதர் மேலேயே வந்தது அது.

சோறூட்டி, தவழ ஆரம்பித்தபிறகு கொண்டுபோவது என்று பேச்சு. அக்கா என்னிடம் இரண்டே இரண்டு வாக்குதான் கேட்டாள். ஒன்று, நான் பெற்றவள் என்பதைக் குழந்தையிடம் ஒருநாளும் சொல்லக் கூடாது. இரண்டாவது போட்டோ. குலதெய்வத்துக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதற்கு முன்னால் பிள்ளையைப் படமெடுத்தால் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்பிய விஷயம். "உன் வீட்டுல கேமரா இருக்கு, அதான் எனக்கு பயம்மா இருக்கு. எம் பொண்ணை அது முன்னாடி காட்டிடாதேடி" என்றாள். இரண்டு பிள்ளைகளை மண்ணில் வைத்தவளிடம் போய் அதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்ல முடியுமா? சத்தியம் செய்து கொடுத்தேன்.

கொடுத்தபிறகுதான் கணக்கு உறைத்தது. மொட்டையும் காதுகுத்தும் மண்ணச்சநல்லூரில் நடக்கும். அத்தான் மடியில் உட்கார்த்தி வைத்துக் காது குத்துவார்கள். அதற்கப்புறம் எடுக்கிற படத்தில் எல்லாம் அவள் அக்காவின் மகளாகத்தான் இருப்பாள். என் மகளாக இருந்த நாட்களுக்கு ஒரு சாட்சியும் இருக்காது. அவளைத் திரும்பக் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. சத்தியமாக நினைக்கவில்லை. என் கையில் அவள் இருக்கிற மாதிரி ஒரே ஒரு படம் வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. ஆனால் அந்த ஆசை என்னைத் தூங்க விடவில்லை.

இவரிடம் வாய்விட்டுக் கேட்டேன். "வாக்குக் குடுத்திருக்கியே" என்றார். குரலில் பயம் இருந்தது. இரண்டு பிள்ளைகள் தங்காத கதை அவருக்கும்தானே தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊர்க் கத்தரிக்காய்க்கெல்லாம் படம் இருக்கு இந்த வீட்டுல. பெத்த பொண்ணுக்கு இல்லை. நல்லா இருக்கு உங்க நியாயம்!" என்று கத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அக்கா வருவதற்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் புளியை ஊறவைத்தேன். குடத்தை எடுத்துப்போய்க் கிணற்றடியில் உட்கார்ந்து தேய்த்தேன். என்றைக்கும் அப்படித் தேய்த்ததில்லை. கழுத்து இடுக்கு, வளையம், அடிப்பக்கம், ஒன்றையும் விடவில்லை. துணியால் துடைத்து முற்றத்துப் பலகைமேல் வைத்தபோது அது இன்னொரு சூரியன் மாதிரி இருந்தது. முதல்நாள் வாங்கிய கத்தரிக்காய்களில் காம்பு வளைந்ததாகப் பார்த்து நானே பக்கத்தில் அடுக்கினேன். பழைய சேலையைப் பின்னால் கட்டினேன்.

இவர் குளித்துவிட்டு வந்து பார்த்தார். "என்ன இன்னிக்கு எனக்கு முந்தி நீ ரெடியா இருக்கே?" என்றார்.

"நாளன்னிக்கு அக்கா வந்துட்டா வீடு களேபரமா இருக்கும். இன்னிக்கே எடுத்துடுங்க."

அவர் குடத்தைச் சுற்றி வந்து பார்த்தார். "மாவு கரைச்சுக் குடு."

"மாவு தீர்ந்து போச்சுங்க" என்றேன்.

பொய் சொல்வதிலும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். வாசலில் நான் போட்ட மாக்கோலம் இன்னும் ஈரம்கூடக் காயவில்லை. ரேழி வழியாக அது பளிச்சென்று தெரிந்தது. அவர் வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் தோளில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தார். "தீர்ந்துட்டா என்ன பண்றது" என்று சொல்லிவிட்டுக் கேமராவை விரிக்கப் போனார்.

பையன்கள் தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் சத்தமில்லை. அவர் கம்பளிக்குள் தலையை நுழைத்ததும் நான் மெதுவாக நகர்ந்து கேமராவின் வலப்பக்கம் ஒட்டி நின்றேன். தோளில் இருந்தவளை இறக்கி, மடக்கிய கையில் முகம் குடத்தைப் பார்க்கிற மாதிரிக் கிடத்திக்கொண்டேன். அவளுக்குத் தூக்கம் கலையவில்லை. பால் குடித்துவிட்டுத் தூங்கினால் இடி இடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்துக்குத்தான் எழுந்துவிடுவாளோ என்று பயந்தேன். கம்பளிக்குள்ளிருந்து, "நகரு, குடத்துல விழறே" என்று எப்போது குரல் வரும் என்று காத்துக்கொண்டே இருந்தேன்.

குரல் வரவில்லை. அவர் உள்ளேயே இருந்தார். கத்தரிக்காயைப் பார்க்க ஒரு மனிதருக்கு அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. கடைசியில் வெளியே வந்தபோது அவர் முகம் ஒருமாதிரி இருந்தது. என்னைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த ஓரத்துக் காய் மறைக்குது. நீ நகராதே, நானே எடுக்கறேன்."

குடத்தின் வயிற்றுக்கு முன்னால் இருந்த கத்தரிக்காயை எடுத்துத் தள்ளி வைத்தார். திரும்பி வந்து தகட்டைச் சொருகினார்.

"நான் எதுக்குங்க நகராம இருக்கணும்? கத்தரிக்காய்க்குத்தானே போட்டோ?" என்றேன். கிண்டலாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

"நீ அசைஞ்சா நிழல் ஆடும்" என்றார். "மூச்சை மட்டும் மெதுவா விடு."

மூடியைக் கழற்றினார். வழக்கமாக அந்த நொடியில் சுவரோரம் ஒதுங்கிவிடுகிற மனிதர், அன்றைக்கு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் தோள் என் தோளில் பட்டது. எங்கள் எதிரில் குடம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு, குழந்தையைப் பார்க்காமல், அசையாமல் நின்றோம். அவர் கத்தரிக்காயை ஏன் அவ்வளவு ஆசையாகப் பார்த்தார் என்று எனக்கு அப்போது புரிந்தது. ஒன்றைப் படமெடுக்கிற நேரத்துக்காவது அது அப்படியே இருக்கும்.

அவர் போய் மூடியை மாட்டினார். "நல்லா வந்திருக்கும்" என்றார். அதன்பிறகு அந்தப் படத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை.

அக்கா வந்தாள், கையில் ஒரு முறம், முறம் நிறையத் தவிடு. பிள்ளையைச் சும்மா வாங்கக் கூடாது, தவிடு கொடுத்து வாங்கினால்தான் நிலைக்கும் என்பார்கள். சாமி விளக்கின் முன்னால் அவள் முறத்தை என்னிடம் நீட்ட, நான் குழந்தையை அவளிடம் நீட்டினேன். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் பெரிய மனசுக்காரர்கள் என்று தோன்றியது. பிள்ளை போன கை உடனே வெறுங்கையாக இருக்கக் கூடாது என்றுதான் முறத்தைக் கொடுக்கிறார்களோ என்னவோ. அக்கா அழுதாள். நான் அழவில்லை. குதிரை வண்டி சந்து திரும்பியபிறகு அழுதேன், ஊர் கூடுகிற மாதிரி அழுதேன். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக வலித்தது. பால் வற்றுவதற்காகப் பக்கத்து வீட்டம்மா மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிவிட்டார்கள். அதன்பிறகு வெகுகாலம் எனக்கு மல்லிகைப் பூ தலையில் வைக்கப் பிடிக்கவில்லை.

தகட்டைக் கழுவி இவர் எடுத்து வந்து காட்டினார். வெயிலில் வைத்துக் காகிதத்தில் படம் இறக்கியபோது தெளிவாக இருந்தது. அந்தத் தகட்டில் சிவப்பெல்லாம் கறுப்பாக விழும். என் குங்குமம் ஒரு கறுப்புப் புள்ளி. மூடியைப் பிடித்த அவர் கை. என் மடக்கிய கையில் அரிசிமணி அளவுக்கு ஒரு முகம், கண் மூடி, வாய் திறந்து.

அளவு கத்தரித்துச் சட்டம் போடுவதற்காக அதைத் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு ஸ்டூடியோவுக்கு எடுத்துப்போனோம். தகட்டையும் பத்திரத்துக்காகக் கொண்டுபோயிருந்தார். ஸ்டூடியோக்காரர் பார்த்ததும், "அடடா, பிரமாதம் சார்! கத்தரிக்காயைக் கிள்ளி எடுக்கலாம் போல இருக்கு" என்றார். அப்புறம் உதட்டைப் பிதுக்கினார். "ஆனா குடத்துல வீட்டம்மா நிக்கிறாங்களே. தகட்டைக் குடுங்க, சுரண்டி எடுத்துடறேன். தெரியவே தெரியாது." இவர் தகட்டைச் சட்டென்று எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டார். "இருக்கட்டுங்க. தப்பாப் போச்சு, அப்படியே இருக்கட்டும்" என்றார். தன் படத்தில் ஒரு தூசி இருந்தால் சோறு இறங்காத மனிதர் அவர். பஸ்ஸில் வரும்போது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். அந்தக் காலத்தில் அதெல்லாம் யாரும் செய்ய மாட்டார்கள்.

படம் எங்கள் கூடத்தில் தொங்கியது. குழந்தைக்குக் காது குத்தி, அவள் நடக்கத் தொடங்கியபிறகு ஒருதடவை அக்கா வந்தாள். படத்தின் முன்னால் நின்றாள். நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா குடுத்த குடம்தானே இது? எவ்வளவு அழகா இருக்கு! எனக்குக் குடுடி, எங்க வீட்டுல மாட்டிக்கறேன்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டார். "தகடு இருக்கு, நமக்கு வேற போட்டுக்கலாம்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

மண்ணச்சநல்லூர் வீட்டில் அது கூடத்து நிலைக்கு மேலே, உத்தரத்தை ஒட்டித் தொங்கியது. அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். காய்கறிப் படத்துக்கு அந்த உயரம் போதும் என்று நினைத்திருக்கிறாள் என்று நான் எண்ணிக்கொண்டேன். போகும்போதெல்லாம் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பேன். அந்த உயரத்தில் குடம் தெரியுமே தவிர, உள்ளே இருப்பது தெரியாது. எனக்குத் தெரியும், அது போதும். அப்படி நான் நிற்கிற சமயத்தில் எல்லாம் அக்காவுக்கு அடுக்களையில் ஏதாவது வேலை வந்துவிடும். "இரு, காப்பி போடறேன்" என்று போய்விடுவாள். வெகுநேரம் வர மாட்டாள்.

குழந்தை என்னைச் சித்தி என்று கூப்பிட்டாள். ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். முதல் தடவை சித்தி என்று அவள் வாயிலிருந்து வந்தபோது பொறுக்க முடியாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். பிறகு பழகிவிட்டது. எங்கள் ஊரில் பிள்ளைகளைச் சீண்ட வேண்டுமென்றால், "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்பார்கள். பிள்ளை உதட்டைப் பிதுக்கி அழும், எல்லாரும் சிரிப்பார்கள். மலைமலையாகத் தவிடு குவிந்து கிடந்த அந்த மில் வீட்டில் மட்டும் அந்தக் கிண்டலை யாரும் ஒருநாளும் செய்ததில்லை.

அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். ஒரு பொங்கலுக்கு முன்னால் நான் அங்கே போயிருந்தேன். வெள்ளையடிப்பதற்காகச் சுவரில் இருந்த படங்களையெல்லாம் இறக்கிக் கூடத்தில் பரப்பியிருந்தார்கள். அக்கா தூணோரம் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்து உரித்தேன். படக் கண்ணாடிகளைத் துடைக்கிற வேலையைக் குழந்தை தானாக எடுத்துக்கொண்டாள். முருகன் முடிந்தது, லட்சுமி முடிந்தது. அடுத்த படத்தில் துணி நின்றது.

"சித்தி!" என்றாள் திடீரென்று. "இந்தக் குடத்துக்குள்ள நீங்க நிக்கிறீங்க! பக்கத்துல சித்தப்பா!"

அவள் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு மூக்கு இடிக்கிற மாதிரிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையில ஒரு பாப்பா இருக்கு. தூங்குது. அது யாரு சித்தி?"

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. இத்தனை வருஷம் இரண்டு வாக்கையும் காப்பாற்றியதாகத்தான் உலகத்துக்குக் கணக்கு. இப்போது ஒன்று கண்முன்னே உடைந்து கிடந்தது, இன்னொன்று என் நாக்கில் நின்றது. "யாரோ ஒரு பாப்பா" என்றேன்.

"யாரோன்னா? யாரு வீட்டுப் பாப்பா?"

"நீதான்டி அது" என்றாள் அக்கா.

மொச்சையை உரித்துக்கொண்டேதான் சொன்னாள். குரலில் கோபம் இல்லை, நடுக்கமும் இல்லை. "மொட்டை போடுற வரைக்கும் உன்னைப் படமெடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லி வச்சிருந்தேன். உங்க சித்தி என்னை ஏமாத்திட்டு எடுத்துட்டா. பெரிய கைகாரி. ஸ்ரீரங்கத்துல இதைப் பார்த்த அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"எனக்குக் கண்ணு இல்லையா?" என்றாள். "அங்கே கூடத்துல தொங்கினா யாராவது பார்த்து ஏதாவது கேப்பாங்கன்னுதான் வாங்கிட்டு வந்தேன். வந்து பார்த்தா பெட்டிக்குள்ள ஒளிச்சு வைக்க மனசு வரல. அது எப்படிடி வரும்? அதான் மேல மாட்டிட்டேன்."

குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அதெல்லாம் புரியவில்லை. அவளுடைய கேள்வி வேறு. "நான் சித்தி கையில இருக்கேன். அப்ப நீ எங்க இருந்தேம்மா?"

அக்கா கையில் இருந்த தோலைக் கீழே போட்டாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "அப்பவா? நான் இங்கதான் இருந்தேன். உனக்குத் தூளி கட்டிக்கிட்டு இருந்தேன். அதுவரைக்கும் உன்னை உங்க சித்திதான் வச்சிருந்தா. அவ வயித்துலேயும் வச்சிருந்தா. மிச்சத்தையெல்லாம் நீ இன்னும் கொஞ்சம் பெரியவளானதும் நாங்க ரெண்டு பேருமாச் சொல்றோம்."

குழந்தை "ம்" என்றாள். திரும்பவும் படத்தில் குனிந்துகொண்டாள். அந்த அரிசியளவு முகத்தைப் பாவாடை நுனியால், அது தூங்குகிறது என்பதால் மெதுவாகத் துடைத்தாள்.

நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அக்கா எழுந்து வந்து என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு மொச்சை முறத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். "போதும்டி, மொச்சையெல்லாம் உப்புக் கரிக்கப் போவுது" என்றாள். அவள் கன்னமும் நனைந்துதான் இருந்தது.

மறுநாள் சுண்ணாம்பு காய்ந்ததும் ஆள் வந்து படங்களைத் திரும்ப மாட்டினான். நிலைக்கு மேலே ஏணியைச் சாத்தி, பழைய ஆணியில் அந்தப் படத்தை மாட்டப் போனவனை அக்கா கீழேயிருந்து கூப்பிட்டாள்.

"அங்க வேணாம்ப்பா. இறக்கிட்டு வா. இந்தச் சுவத்துல வேற ஆணி அடி. பாப்பாவுக்குக் கண்ணுக்கு நேரா இருக்கணும்."